ஆள் எப்படி?

வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், பெண் கொடுக்கிறவர்கள், கடைக்கு ஆள் சேர்க்கிறவர்கள், இந்த மூன்று தரப்புக்கும் பொதுவான ஒரு தொலைபேசி அழைப்பு உண்டு. தெரிந்தவர் யாரையாவது பிடித்து, நலம் விசாரித்து, மெல்ல விஷயத்துக்கு வருவார்கள். "உங்க தெருவுலதானே இருக்காரு அவரு... ஆள் எப்படி?" எதிர்முனையில் ஒரு கணம் மௌனம். பிறகு பதில் வரும். "தங்கமான மனுஷன். கொஞ்சம் முன்கோபி. மத்தபடி கை சுத்தம்."

அவ்வளவுதான். நாற்பது வருடம் வாழ்ந்த மனிதர் ஏழெட்டுச் சொற்களில் முடிந்துபோகிறார். கேட்டவரும் திருப்தியாகப் போனை வைக்கிறார். அந்தச் சொற்களை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுக்கிறார். சமயத்தில் பெண்ணையே கொடுக்கிறார்.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம். முன்கோபி என்று பேர் வாங்கியவர் நாள் முழுக்கக் கோபமாக இருப்பதில்லை. தூங்குகிறார், பேப்பர் படிக்கிறார், பேத்தியைக் கொஞ்சுகிறார். அவர் கத்துகிற நேரத்தையெல்லாம் கூட்டினால் வருடத்துக்குச் சில மணி நேரம் தேறுமா? அந்தச் சொற்ப நேரம் எப்படி அவருடைய அடையாளம் ஆனது? இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் ஏன் கத்தினார் என்று கேட்டால் "முன்கோபி, அதான்" என்கிறோம். முன்கோபி என்று எப்படித் தெரியும் என்றால் "அதான் கத்துறாரே" என்கிறோம். இரண்டு பதில்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அடியில் தரையைக் காணோம்.

அந்தத் தரையைத் தேடுகிற துறைதான் ஆளுமை உளவியல். 'ஆளுமை' என்ற சொல்லை நாம் இரங்கல் குறிப்புகளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். 'மாபெரும் ஆளுமை மறைந்தது' என்று எழுதுவோம். உளவியலில் அந்தப் பட்டாடை கிடையாது. ஒருவர் வழக்கமாக நினைக்கிற, உணர்கிற, நடந்துகொள்கிற விதம், அடுத்தவரிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டுகிற விதம், அதுவே ஆளுமை. ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கும் அது உண்டு. அதன் ஒவ்வோர் இழையும் ஒரு பண்புக்கூறு. நம் பேச்சில் குணம்.

மனிதர்களை வகை பிரிக்கும் ஆசை பழையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன், உடலின் நான்கு நீர்மங்களோடு நான்கு சுபாவங்களை முடிச்சுப் போட்டார். நம் ஊரில் வாத பித்த கபம் இருந்தது. நீர்மங்கள் போய்விட்டன, வகை பிரிக்கும் ஆசை போகவில்லை. அதைப் பற்றிப் பிற்பாடு சொல்கிறேன்.

1920இல் அமெரிக்க இளைஞர் ஒருவர் வியன்னாவில் ஃபிராய்டைப் பார்க்கப் போனார். கோர்டன் ஆல்போர்ட் என்று பெயர், வயது 22. ஃபிராய்ட் எதிரே உட்கார்ந்து பேசாமல் காத்திருந்தார். சங்கடமான அந்த மௌனத்தைக் கலைக்க, டிராமில் வரும்போது பார்த்த நாலு வயதுப் பையனைப் பற்றி ஆல்போர்ட் சொல்ல ஆரம்பித்தார். எதைத் தொட்டாலும் அழுக்கு, யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அழுக்கு என்று பதறிய பையன். அருகே கஞ்சி போட்ட புடவைபோல் விறைப்பாக அவன் அம்மா. கதை முடிந்ததும் ஃபிராய்ட் கனிவாகப் பார்த்துக் கேட்டார், அந்தப் பையன் நீதானா என்று. ஆல்போர்ட் அசந்துபோனார். பேச்சில்லாத இடத்தை நிரப்ப ஏதோ சொல்லப்போய், தன் ஆழ்மனமே தோண்டப்பட்டுவிட்டது! ஆழத்தில் முங்குவதற்கு முன்னால் மேலே தெரிவதை ஒழுங்காகப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் அந்தச் சந்திப்பில் தனக்கு உறைத்ததாகப் பிற்பாடு எழுதினார்.

மேலே தெரிவதில் எதைப் பார்ப்பது? அவர் எடுத்தது அகராதியை. அதற்கு அடிப்படையான யோசனையை 1884இலேயே பிரான்சிஸ் கால்ட்டன் தொட்டிருந்தார். மனிதர்கள் கூடி வாழும்போது எந்தக் குண வேறுபாடு முக்கியமோ அதற்குக் காலப்போக்கில் ஒரு சொல் பிறந்துவிடும். மிக முக்கியமானதற்குப் பத்துச் சொல் பிறக்கும். பணத்தைப் பிடித்து வைக்கிறவனுக்கு நம்மிடம் எத்தனை பெயர் பாருங்கள்: கஞ்சன், கருமி, உலோபி, ஈயாதவன், எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன். இதற்கு சொல்வழிக் கருதுகோள் என்று பெயர் வைக்கலாம். 1936இல் ஆல்போர்ட்டும் ஹென்றி ஓட்பர்ட்டும் வெப்ஸ்டர் பேரகராதியைச் சலித்து, ஆளைப் பற்றிச் சொல்ல உதவும் 17,953 சொற்களைத் திரட்டினார்கள். அவற்றில் நிலையான குணத்தைக் குறிப்பவை மட்டும் சுமார் 4,500. அதே 1936இல்தான் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறாம் தொகுதி வெளிவந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அந்தப் பேரகராதியில் உண்டு. இந்தச் சல்லடையை அதில் போட்டிருந்தால் என்ன தேறியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

நாலாயிரத்து ஐந்நூறு சொற்களை வைத்துக்கொண்டு யாரையும் அளக்க முடியாது. குறைக்க வேண்டும். எப்படி?

ஒரு மளிகைக் கடையின் ஆறு மாத பில்கள் உங்கள் கையில் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கினவர்களை நீங்கள் பார்த்ததில்லை. பில்களை மட்டும் புரட்டுகிறீர்கள். இட்லி அரிசி இருக்கிற பில்லில் உளுந்தும் இருக்கிறது, வெந்தயமும் இருக்கிறது. பால் பவுடர் இருக்கிற பில்லில் குழந்தை சோப்பும் டயப்பரும் இருக்கின்றன. இருபது பொருள்கள் இரண்டு மூன்று கொத்துகளாகத் தாமே சேர்கின்றன. இரண்டாவது கொத்துக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை இருக்கிறது என்று, அதன் அழுகையைக் கேட்காமலே சொல்லிவிடுவீர்கள். காரணிப் பகுப்பாய்வு என்ற கணக்குமுறை செய்வது இதைத்தான். ஆயிரம் பேரைப் பற்றி நண்பர்களிடம் மதிப்பெண் போடச் சொல்கிறோம். கலகலப்பானவர் என்று மதிப்பெண் வாங்குகிறவர் வாயாடி என்றும் வாங்குகிறார். கூட்டம் பிடிக்கும் என்றும் வாங்குகிறார். மூன்று சொல், ஒரே கொத்து.

இங்கே ஒரு எச்சரிக்கை. பில்லில் கொத்து தெரிந்தால் வீட்டில் குழந்தை இருப்பது உறுதி. குணத்தில் கொத்து தெரிந்தால் மண்டைக்குள் 'கலகலப்புச் சுரப்பி' ஒன்று இருப்பதாக ஆகிவிடாது. பலரை ஒப்பிடும்போது எவை சேர்ந்து வருகின்றன என்பதை மட்டுமே கணக்கு சொல்கிறது. இந்த வித்தியாசத்தை மறந்த ஆராய்ச்சியாளர்களும் உண்டு.

ரேமண்ட் கேட்டல் 1940களில் இந்த வழியில் இறங்கி 16 கொத்துகளில் வந்து நின்றார். 1961இல் அமெரிக்க விமானப்படைக்காக டூப்ஸ், கிறிஸ்டல் என்ற இருவர் வெவ்வேறு குழுக்களின் மதிப்பெண்களை மறுபடி அலசியபோது, திரும்பத் திரும்ப ஐந்துதான் வந்தது. அந்த முடிவு ராணுவத் தொழில்நுட்ப அறிக்கையாக வெளியானதால் பலர் கண்ணில் படவில்லை. வேறு பலர் தனித்தனியே அதே ஐந்தில் போய் முட்டிக்கொண்ட பிறகு, 1981இல் லூயிஸ் கோல்ட்பெர்க் அதற்குப் 'பெரும் ஐந்து' என்று பெயர் சூட்டினார்.

அந்த ஐந்தைத் தமிழில் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம். முதலாவது புறமுகம். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் தெம்பு கூடுகிறவர் ஒரு முனை. அதே வீட்டிலிருந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறவர் மறுமுனை. அடுத்தது இணக்கம், விட்டுக்கொடுப்பது, பிறரை நம்புவது எல்லாம் இதில் வரும். மூன்றாவது பொறுப்புடைமை. கரண்ட் பில்லைக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டுகிறவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான்காவதற்கு உணர்ச்சித் தளம்பல் என்று பெயர் வைக்கிறேன்: சின்ன உரசலுக்கும் கலங்குவது, கவலை எளிதில் பற்றிக்கொள்வது. இது நோயின் பெயர் அன்று. ஐந்தாவது புதுமை நாட்டம், பழகாத ருசி, பழகாத கருத்து, பழகாத இசை இவற்றை நோக்கிப் போகும் மனம். இந்த ஐந்தாவதைப் பற்றித்தான் ஆராய்ச்சியாளர்களுக்குள் பெயரிலிருந்தே சண்டை அதிகம்.

ஐந்தும் அளவுகோல்கள், பெட்டிகள் இல்லை. ஐ.டி. கம்பெனிப் பயிற்சி வகுப்புகளில் நாலெழுத்துக் குறி ஒன்றைக் கையில் கொடுத்து 'நீங்கள் இந்த வகை' என்று சொல்லும் மயர்ஸ்–பிரிக்ஸ் சோதனை கோட்டைவிடுவது இங்கேதான். ஐந்தரை அடிக்கு மேலே எல்லோரும் நெட்டை, கீழே எல்லோரும் குட்டை என்று கோடு கிழித்தால் என்ன ஆகும்? பெரும்பாலோர் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள். அரை அங்குல வித்தியாசத்தில் இருவர் வேறு வேறு பெட்டிக்குப் போவார்கள். ஆறேகால் அடிக்காரரும் ஐந்தடி ஏழு அங்குலக்காரரும் ஒரே பெட்டியில் இருப்பார்கள். சில வாரம் கழித்து அதே சோதனையை எழுதினால் பலருக்கு எழுத்து மாறிவிடுவதும் இதனால்தான். ஆனாலும் 'அப்படியே என்னைச் சொல்கிறது' என்று நமக்குத் தோன்றுமே? 1948இல் உளவியல் ஆசிரியர் பெர்ட்ராம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு குணச் சித்திரம் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகள் பெட்டிக்கடை ஜோசியப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தவை. வார ராசிபலன் வாசிக்கிற யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது.

ஐந்துக்குப் பெயர் சூட்டும் முன்பே, 'குணம்' என்ற கருத்துக்கே ஒரு பெரிய அடி வேறு திசையிலிருந்து வந்திருந்தது. 1920களின் இறுதியில் ஹார்ட்ஷார்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லவும், பரீட்சையில் காப்பியடிக்கவும், சில்லறை எடுக்கவும் தற்செயலாக வாய்ப்புக் கிடைப்பதுபோல் ஏற்பாடு செய்து பார்த்தார்கள். கணக்குப் பரீட்சையில் நேர்மையாக இருந்த பிள்ளை, விளையாட்டில் ஏமாற்றினான். காசைத் தொடாதவள் வீட்டுப்பாடத்தில் பொய் சொன்னாள். 'நேர்மையான பிள்ளை' என்று ஒருவரைச் சுட்டுவதே கஷ்டமாகிவிட்டது. 1968இல் வால்டர் மிஷெல் இப்படிப்பட்ட ஆய்வுகளைக் குவித்து ஒரு புத்தகம் எழுதினார். குணத்துக்கும் குறிப்பிட்ட ஒரு சந்தர்ப்பத்தில் செய்யும் செயலுக்கும் உள்ள ஒட்டுறவு அபூர்வமாகத்தான் 0.30ஐத் தாண்டுகிறது என்றார். ஒட்டுறவு எண் 1 என்றால் ஒன்று தெரிந்தால் மற்றது அப்படியே தெரியும். 0 என்றால் சம்பந்தமே இல்லை. 0.30 என்பது சின்ன எண். அப்படியானால் நாம் 'குணம்' என்று பேசுவதெல்லாம் பிரமையா? ஆளைத் தீர்மானிப்பது சூழ்நிலைதானா? பத்து இருபது வருடம் இந்தத் துறை தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது.

விடை வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில், எதிர்த்தரப்பையும் அதே தராசில் நிறுத்தினார்கள். சூழ்நிலையின் வலிமையைக் காட்டுவதாகப் புகழ்பெற்ற சோதனைகளை 1983இல் ஃபண்டர், ஓசர் இருவரும் அதே எண்ணுக்கு மாற்றிப் பார்த்தபோது அவையும் 0.40ஐ ஒட்டியே நின்றன. சூழ்நிலை என்ற பயில்வானும் அப்படியொன்றும் கனமில்லை. அடுத்ததாக, கேள்வியே தவறு என்பது தெரிந்தது. சராசரி ஐம்பது ஓட்டம் வைத்திருக்கும் மட்டையாளர் அடுத்த பந்தில் அவுட் ஆவாரா என்று கேட்டால் அந்தச் சராசரியால் சொல்ல முடியாது. இருபத்தைந்து சராசரிக்காரர் அன்றைக்குச் சதம் போட்டுவிடலாம். நூறு இன்னிங்ஸ் போகட்டும், சந்தேகமே இருக்காது. 1979இல் சீமோர் எப்ஸ்டைன் காட்டியது இதுதான்: ஒரு நாள் நடத்தையை இன்னொரு நாளோடு ஒப்பிட்டால் ஒட்டுறவு அற்பம்; பல நாள் சராசரியைப் பல நாள் சராசரியோடு ஒப்பிட்டால் அது விறுவிறுவென்று ஏறுகிறது.

வில்லியம் ஃபிளீசன் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார். மக்களிடம் கையடக்கக் கருவியைக் கொடுத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு நாளுக்குப் பல முறை, இந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கலகலப்பாக, எவ்வளவு பொறுப்பாக இருந்தீர்கள் என்று பதியச் சொன்னார். 2001இல் வெளியான முடிவு இரண்டு துண்டாக இருக்கிறது, இரண்டும் உண்மை. ஒரே ஆள் ஒரு வாரத்துக்குள் ஊமையாகவும் இருக்கிறார், வாயாடியாகவும் இருக்கிறார். ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைவிடத் தனக்குள்ளேயே அவர் அதிகம் ஏறி இறங்குகிறார். ஆனால் முதல் பாதிச் சராசரியையும் இரண்டாம் பாதிச் சராசரியையும் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. சென்னையில் நவம்பர் 14 மழை பெய்யுமா என்று அக்டோபரிலேயே யாராலும் சொல்ல முடியாது. நவம்பர் மார்ச்சைவிட ஈரமாக இருக்கும் என்று சொல்ல வானிலை நிபுணர் தேவையில்லை. குணம் என்பது அன்றைய வானிலை இல்லை, ஆண்டுகளின் பருவநிலை. தெருக்காரர் 'முன்கோபி' என்று சொன்னபோது அவர் சொன்னது ஒரு நவம்பர் மாதத்தை.

மிஷெலும் சும்மா இருக்கவில்லை. யூச்சி ஷோடாவோடு சேர்ந்து, நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த ஆறு வாரக் கோடை முகாமில் பிள்ளைகளைக் கவனித்தார். எத்தனை தடவை முரட்டுத்தனம் செய்தார்கள் என்று எண்ணுவதோடு நிற்காமல், எப்போது செய்தார்கள் என்று பார்த்தார்கள். இரண்டு பையன்களுக்குச் சராசரி முரட்டுத்தனம் ஒன்றே. ஒருவன் கூட்டாளிகள் கேலி செய்தால் பாய்கிறான். பெரியவர்கள் அதட்டினால் அடங்கிவிடுகிறான். மற்றவன் நேர்மாறு. இந்த 'இப்படியானால் அப்படி' கோலம் வாரத்துக்கு வாரம் மாறவில்லை. அந்தக் கோலமே அவனுடைய கையெழுத்து. நம் பேச்சில் இதற்கும் சொல் உண்டு: வீட்டில் எலி, வெளியில் புலி. தெருவில் விவரமான பெரியவர் யாராவது இருந்தால், "ஆள் எப்படி?" என்று கேட்டதும் அவர் பதில் சொல்லமாட்டார். "எதுக்குக் கேக்கறீங்க? வீடு விடவா, பொண்ணு குடுக்கவா?" என்று திருப்பிக் கேட்பார். பிடி கொடுக்காத பேச்சு என்றுதான் முன்பு நினைத்திருந்தேன்.

சரி, இந்தப் பருவநிலை எங்கிருந்து வருகிறது? ஒரு கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையரையும் சாதாரண இரட்டையரையும் ஒப்பிடுவது ஒரு வழி. பிறந்ததும் பிரிந்து வேறு வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையரைத் தேடிப் பிடிப்பது இன்னொரு வழி. 1979இல் மினசோட்டாவில் தாமஸ் புஷார்ட் அதைத் தொடங்கினார். பிரிந்த இரட்டையர் ஒரே மாதிரி மூக்கைச் சொறிவதைப் பத்திரிகைகள் கொண்டாடின. அந்தக் கதைகளை நான் பொருட்படுத்துவதில்லை; எந்த இருவரை உட்காரவைத்துப் பேசினாலும் நாலு ஒற்றுமை கிடைக்கும். மதிப்பெண் கணக்குதான் சான்று. குண வேறுபாட்டில் 40 முதல் 50 சதவீதம் மரபோடு சேர்ந்து போகிறது என்று அது சொல்கிறது. இதை 'என் கோபத்தில் பாதி அப்பாவுடையது' என்று படிக்கக்கூடாது. ஒரு கச்சேரியில் கேட்ட நாதத்தில் மிருதங்கத்தின் பங்கு எத்தனை சதவீதம், வித்வான் விரலின் பங்கு எத்தனை என்று கேட்பதில் அர்த்தமில்லை. இருபது மிருதங்கம், இருபது வித்வான்கள், மாற்றி மாற்றி வாசித்தால் நாதத்தில் வரும் வித்தியாசங்களில் எவ்வளவு எதனால் என்று பிரிக்கலாம். அந்தச் சதவீதமும் அந்தக் கூட்டத்துக்குத்தான் பொருந்தும். இதில் பெற்றோரைத் திடுக்கிடவைக்கும் ஒன்றும் உண்டு. ஒரே வீட்டில் வளர்ந்த தத்துப்பிள்ளைகள் குணத்தில் ஒருவரையொருவர் ஏறக்குறைய ஒத்திருப்பதே இல்லை. வளர்ப்பு வீண் என்று அதற்குப் பொருளில்லை. ஒரே வீடு இரண்டு பிள்ளைகளை ஒரே மாதிரி ஆக்குவதில்லை, அவ்வளவுதான்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்கிறோம். இதைச் சோதிக்க முழு ஆயுளும் காத்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் காத்திருந்தார்கள். 1950இல் 14 வயதுப் பிள்ளைகள் 1,208 பேருக்கு ஆசிரியர்கள் விடாமுயற்சி, பொறுப்பு, மனநிலையின் சமம் முதலான ஆறு குணங்களில் மதிப்பெண் போட்டிருந்தார்கள். அறுபது வருடங்களுக்கு மேல் கழித்து, 77 வயதான 174 பேர் மறுபடி மதிப்பெண்ணுக்கு இசைந்தார்கள். 2016இல் வெளியான அந்த ஒப்பீட்டில் அன்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் ஏறக்குறைய உறவே இல்லை. அன்று மதிப்பிட்டவர் ஆசிரியர், இன்று தானும் ஒரு நெருங்கியவரும். ஆகவே இதை மட்டும் வைத்துப் பழமொழியைத் தூக்கிப்போட நான் தயாரில்லை. சில வருட இடைவெளி என்றால் படம் வேறு. 2000இல் 152 ஆய்வுகளைத் திரட்டிய ஒரு தொகுப்பில், கல்லூரி வயதில் 0.54 என்றிருந்த நிலைப்பு முப்பதில் 0.64ஆகவும், ஐம்பதுக்குப் பிறகு 0.74ஆகவும் ஏறியது. காலைப் பிரார்த்தனையில் உயரப்படி நிற்கும் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வளர்கிறார்கள், வரிசை பெரிதாகக் கலைவதில்லை. வயதேற ஏறப் பொதுவாக மனிதர்கள் கொஞ்சம் பொறுப்பாகவும், இணக்கமாகவும், நிதானமாகவும் ஆகிறார்கள். வரிசையில் யாருக்குப் பின்னால் யார் என்பது மெல்ல மெல்லத்தான் மாறுகிறது. சிறுவயது மதிப்பெண் வேறு இடத்தில் வேலை செய்வதும் உண்டு. 1921இல் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் பின்தொடரத் தொடங்கிய 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளில், பொறுப்பானவர்கள் என்று பெற்றோரும் ஆசிரியரும் குறித்தவர்களே நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று 1993இல் ஹோவர்ட் ஃபிரீட்மன் குழு கண்டது. எப்போதும் சிரித்த முகம் என்று குறிக்கப்பட்டவர்கள் இல்லை; அவர்கள் சற்று முந்தியே போனார்கள்.

ஒரு கேள்வி பாக்கி. ஐந்து என்ற கணக்கு ஆங்கில அகராதியில் தொடங்கியது, பெரும்பாலும் கல்லூரி மாணவர்களிடம் அளக்கப்பட்டது. பொலிவியக் காட்டோரம் வேட்டையாடியும் சிறு வேளாண்மை செய்தும் வாழும் சிமானே மக்கள் 632 பேரிடம், அவர்கள் மொழியிலேயே கேட்டுப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. ஐந்து கொத்து வரவில்லை. வாழ்க்கைத்துணையைப் பற்றிக் கேட்டபோதும் வரவில்லை. தெளிவாகத் தெரிந்தவை இரண்டு: ஊரோடு ஒத்துப்போகும் தன்மை ஒன்று, உழைப்பு ஒன்று. எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்து, தெரிந்த முகங்களுக்குள்ளேயே வாழும் இடத்தில் குணங்கள் ஐந்தாகக் கிளைவிட இடமில்லையோ என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

அதனால்தான் தமிழ்ப் பேரகராதியின் நினைவு எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. வாயாடியைப் புறமுகத்தில் வைத்துவிடலாம். சிடுமூஞ்சிக்கும் இடமுண்டு. ரோஷக்காரனை எங்கே வைப்பது? ஒரு சொல் பொறுக்கமாட்டான் என்பதால் உணர்ச்சித் தளம்பலிலா? பணிந்து போகமாட்டான் என்பதால் இணக்கத்தின் கீழ்முனையிலா? சொன்ன சொல்லுக்காகத் தலையை அடகு வைத்தாவது கடனை அடைப்பான் என்பதால் பொறுப்புடைமையின் உச்சியிலா?